கிளப்பில் புலி, நாட்டு அணியில் பூனையா?

2016-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. அமெரிக்காவில் நியூஜெர்சி என்ற இடத்தில் ஒரு கால்பந்துப் பந்தயம். அர்ஜென்டினாவும் சிலியும் மோதின. "கோப்பா அமெரிக்கா" என்னும் கோப்பைக்கான இறுதிப் பந்தயம் அது. தென் அமெரிக்க நாடுகளுக்கு அது பெரிய கோப்பை.

இரண்டு மணி நேரம் ஆடினார்கள். ஒரு கோல் கூட விழவில்லை. "பெனால்டி" உதை மூலம் முடிவு காண்பது என்று ஆயிற்று. அர்ஜென்டினாவின் முதல் உதைக்கு வந்தவர் லயனல் மெஸ்ஸி. எதிரே கோல் காப்பவர் ஒருவர்தான். வேறு யாரும் குறுக்கே இல்லை. மெஸ்ஸி உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து போய்விட்டது!

4-க்கு 2 என்ற கணக்கில் சிலி வென்றது. மெஸ்ஸி மைதானத்திலேயே அழுதார். இனிமேல் நாட்டு அணியில் ஆடப்போவது இல்லை என்று அன்றே அறிவித்துவிட்டார்.

யார் இந்த மெஸ்ஸி? 2012 என்ற ஒரே ஆண்டில் 91 கோல் போட்டவர். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் "தங்கப் பந்து" விருதை அதற்குள் 5 தடவை வாங்கியவர். பார்சிலோனா கிளப்புக்காக ஆடி, ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையை 4 முறை வென்றவர்.

கிளப்பில் அவர் தொட்டதெல்லாம் பொன். நாட்டுச் சட்டையைப் போட்டால் மட்டும் கை நழுவிக்கொண்டே போயிற்று. 2007-ல் கோப்பா அமெரிக்கா இறுதியில் பிரேசிலிடம் தோல்வி. 2014-ல் உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியிடம் தோல்வி. 2015-ல் சிலியிடம் தோல்வி. 2016-ல் மறுபடியும் சிலியிடம் தோல்வி. இறுதி வரைக்கும் வந்து 4 தடவை வெறுங்கையோடு திரும்பினார்.

இறுதி வரை வந்ததே பெரிது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தோற்றவனுக்கு ஏது நியாயம்?

"நம் பிள்ளையே இல்லை!"

அர்ஜென்டினா மக்களுக்கு மெஸ்ஸி மேல் ஒரு மனக்குறை இருந்தது. ரொசாரியோ என்ற ஊரில் பிறந்தவர் அவர். உடம்பு சரியாக வளராத குறை இருந்தது. வைத்தியத்துக்கு நிறையப் பணம் வேண்டும். பார்சிலோனா கிளப் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. 13 வயதில் தகப்பனாரோடு கடல் கடந்து ஸ்பெயினுக்குப் போனார். அங்கேயே வளர்ந்தார்.

"அவன் ஸ்பெயின்காரன் ஆகிவிட்டான். பணத்துக்கு ஆடும்போது காட்டும் வேகத்தை நாட்டுக்கு ஆடும்போது காட்டுவதில்லை. தேசிய கீதத்தைக்கூட வாய் திறந்து பாடுவதில்லை" என்றெல்லாம் பேசினார்கள். 2011-ல் சாந்தா பே நகரில் கொலம்பியாவோடு ஆடியபோது சொந்த நாட்டு ரசிகர்களே மெஸ்ஸியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

இந்தக் குற்றச்சாட்டு சரியா? இல்லவே இல்லை என்பது நம் கருத்து. ஸ்பெயின் நாடு தன் அணிக்கு ஆட அவரைக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. அர்ஜென்டினாதான் வேண்டும் என்றார். பாசம் இல்லாதவன் செய்கிற காரியமா இது? ஸ்பெயின் பக்கம் போயிருந்தால் 2010-லேயே உலகக் கோப்பை கிடைத்திருக்குமே!

அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது?

நாள் கணக்கைப் பாருங்கள்

கிளப்பில் ஓர் ஆட்டக்காரர் எத்தனை நாள் இருக்கிறார்? ஐரோப்பாவில் ஜூலையிலோ ஆகஸ்டிலோ பயிற்சி தொடங்கும். மே மாதம் வரை நடக்கும். ஏறக்குறைய தினமும் காலையில் அதே மைதானம், அதே கூட்டாளிகள், அதே பயிற்சியாளர். இப்படி 5 ஆண்டு, 10 ஆண்டு சேர்ந்து ஆடுகிறவர்கள் உண்டு.

நாட்டு அணியின் கதை வேறு. ஆண்டில் சில தடவைதான் அவர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 10 நாள். அதற்குள் 2 பந்தயம். ஞாயிற்றுக்கிழமை இரவு கிளப்புக்கு ஆடிவிட்டு, திங்கட்கிழமை விமானம் ஏறுவார்கள். அர்ஜென்டினாக்காரர் என்றால் 12 மணி நேரத்துக்கு மேல் பிரயாணம். இறங்கியதும் கால் வலிக்கும், தூக்கம் கெடும். ஒன்றிரண்டு நாள் பயிற்சி. உடனே பந்தயம்!

அதுவும் எங்கே? சில சமயம் பொலிவியா நாட்டு லா பாஸ் நகரில். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3,600 மீட்டர் உயரம். நம் ஊட்டியைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பழகாதவர்களுக்கு அங்கே மூச்சு வாங்கும். 2009 ஏப்ரல் 1-ந் தேதி அர்ஜென்டினா அங்கே ஆடியது. பயிற்சியாளர், புகழ் பெற்ற மரடோனா. ஆட்டக்காரர்களில் மெஸ்ஸியும் இருந்தார். 6-க்கு 1 என்ற கணக்கில் பொலிவியா வென்றது! முட்டாள்கள் தினத்துச் செய்தி என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? கால்பந்தில் பந்தைப் பார்த்து ஓடினால் காலம் கடந்துவிடும். பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து ஓடவேண்டும். பார்சிலோனாவில் மெஸ்ஸி வலது பக்கம் திரும்பினால், தானி ஆல்வெஸ் எந்த நேரத்தில் தன்னைத் தாண்டி ஓடுவார் என்று அவருக்குத் தெரியும். சாவி எந்த வேகத்தில் பந்து தருவார் என்று தெரியும். நிமிர்ந்து பார்க்க வேண்டியது இல்லை. நாதசுரக்காரருக்குப் பழகிய தவில்காரர் வாய்த்ததுபோல.

நாட்டு அணியில் அதே மெஸ்ஸி, பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தேடவேண்டி இருந்தது. தேடும் அரை விநாடியில் எதிரிகள் மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு, "இவன் ஏன் சும்மா நிற்கிறான்?" என்று தோன்றும்.

விலைக்கு வாங்க முடியாது

இன்னொரு விஷயம். கிளப்பில் ஓர் இடம் சரியில்லை என்றால் பணம் கொடுத்து ஆள் எடுப்பார்கள். பிரேசில்காரரும் வரலாம், ஜப்பான்காரரும் வரலாம். நாடு அப்படிச் செய்ய முடியுமா? அந்த மண்ணில் பிறந்தவர்களும் அந்த மண்ணோடு உறவு உள்ளவர்களும்தான் ஆடவேண்டும். 5 நல்ல முன்வரிசை ஆட்டக்காரர் கிடைப்பார்கள். கோல் காக்க நல்ல ஆள் கிடைக்கமாட்டார். இருப்பதை வைத்துத்தான் குடும்பம் நடத்தவேண்டும்.

ஜார்ஜ் வேயா என்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவில் லைபீரியா என்ற சிறிய நாட்டில் பிறந்தவர். 1995-ல் தங்கப் பந்து விருது வாங்கினார். ஆப்பிரிக்காவில் அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர்தான். இத்தாலியில் மிலான் கிளப்பில் ஆடி, கோல் மழை பொழிந்தார். அவருடைய நாட்டிலோ உள்நாட்டுச் சண்டை. கால்பந்து அணிக்குச் செலவிடப் பணம் இல்லை. வேயா தம் சொந்தப் பணத்தைப் போட்டார். ஆட்டக்காரர்களின் விமானச் செலவு, சட்டை, காலணி எல்லாம் அவர் பொறுப்பு. 2002 உலகக் கோப்பைக்குப் போக லைபீரியா கடுமையாக முயன்றது. ஒரே ஒரு புள்ளியில் நைஜீரியா முந்திக்கொண்டது! வேயா கடைசி வரை ஓர் உலகக் கோப்பைப் பந்தயம்கூட ஆடவில்லை. அவரைப் பார்த்து, "நாட்டுக்கு என்ன சாதித்தாய்?" என்று கேட்க யாருக்கு மனம் வரும்? லைபீரிய மக்கள் அப்படிக் கேட்கவில்லை. பிற்காலத்தில் அவரையே நாட்டின் ஜனாதிபதி ஆக்கினார்கள்.

எல்லோரும் ராஜா என்றால்?

சரி, நாடு முழுவதும் நட்சத்திரங்களாகவே இருந்தால்? அப்போது கவலை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம்.

2002-ம் ஆண்டு பிரான்சு அணியைப் பாருங்கள். 1998-ல் உலகக் கோப்பை வென்ற நாடு. 2000-ல் ஐரோப்பியக் கோப்பையும் வென்ற நாடு. அந்த ஆண்டு இங்கிலாந்து லீக்கில் அதிக கோல் போட்டவர் யார்? பிரான்சு நாட்டு ஹென்றி. இத்தாலி லீக்கில் முதலிடத்தில் நின்றவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டு திரெசெகே. பிரான்சு லீக்கில் முதலிடத்தில் நின்றவர்களில் ஒருவர் சிசே. மூன்று நாட்டு லீக்குகளின் கோல் மன்னர்கள் ஒரே அணியில்!

அந்த உலகக் கோப்பையில் பிரான்சு போட்ட கோல் எத்தனை தெரியுமா? பூஜ்யம். முதல் பந்தயத்தில் செனகல் என்ற ஆப்பிரிக்க நாட்டிடம் தோற்றது. செனகல் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பிரான்சு நாட்டுக் கிளப்புகளில் ஆடியவர்களே! அடுத்து உருகுவேயோடு கோல் இல்லாமல் முடிந்தது. மூன்றாவதாக டென்மார்க்கிடம் தோற்று, முதல் சுற்றோடு ஊர் திரும்பியது.

இதில் களைப்புக்கும் பங்கு உண்டு. பிரான்சு அணியின் மூளை என்று சொல்லத்தக்கவர் சிதான். 2002 மே 15-ந் தேதி ஐரோப்பிய கிளப் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட் கிளப்புக்காக அவர் போட்ட கோலை இன்றும் பேசுகிறார்கள். 11 நாள் கழித்து, உலகக் கோப்பைக்கு முன்னோட்டமாக நடந்த பந்தயத்தில் தொடையில் அடிபட்டது. முதல் இரண்டு பந்தயங்களில் அவரால் ஆட முடியவில்லை. மூன்றாவதில் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஆண்டு முழுவதும் 50, 60 பந்தயம் ஆடிவிட்டு ஜூன் மாதம் நாட்டுக்கு வருகிறவர்கள், இளைத்த மாடுபோலத்தான் வருவார்கள். கிளப்புக்குக் கொடுத்தது பால். நாட்டுக்குக் கிடைப்பது மோர்.

இங்கிலாந்தின் கதை இதைவிட வேடிக்கை. ஜெரார்டு, லாம்பார்டு, ஸ்கோல்ஸ், பெக்காம், ரூனி, ரியோ பெர்டினாண்டு... எல்லோரும் பெரிய பெயர்கள். 2004-லும் 2006-லும் கால் இறுதியோடு சரி. இரண்டு தடவையும் போர்ச்சுகலிடம் பெனால்டி உதையில் தோல்வி. 2007 நவம்பர் 21-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் குரோவேஷியாவோடு ஆடியது. வெற்றிகூட வேண்டாம், சமமாக முடித்தாலே ஐரோப்பியக் கோப்பைக்குப் போகலாம் என்ற நிலை. 3-க்கு 2 என்று தோற்றது!

அதே ஆட்ட ஆண்டில், ஐரோப்பிய கிளப் கோப்பையின் அரை இறுதிக்கு வந்த 4 கிளப்புகளில் 3 இங்கிலாந்துக் கிளப்புகள். இறுதியில் மோதியவை மாஞ்செஸ்டர் யுனைடெட், செல்சி. இரண்டும் இங்கிலாந்து! அந்தக் கிளப்புகளில் வெளிநாட்டுக்காரர்கள் ஏராளம். அவர்கள் விட்ட இடத்தை இவர்களும், இவர்கள் விட்ட இடத்தை அவர்களும் நிரப்பினார்கள்.

நாட்டு அணியிலோ ஜெரார்டும் லாம்பார்டும் ஒரே வேலை செய்கிறவர்கள். இருவரும் முன்னால் ஓடினால், பின்னால் இடம் காலி. யாரை வெளியே உட்கார வைப்பது? இருவருமே பெரிய ஆட்கள் ஆயிற்றே! இருவரையும் போட்டார்கள். ஸ்கோல்ஸ் நடுவில் ஆடவேண்டியவர். அவரை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவர் 2004-லேயே நாட்டு அணி போதும் என்று விலகிக்கொண்டார். ஒரே கூடத்தில் இரண்டு மாமியார் இருந்தால் சமையல் நடக்குமா?

கிளப் பகையும் கூடவே வந்தது. பெர்டினாண்டும் லாம்பார்டும் வெஸ்ட் ஹாம் கிளப்பில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். பிறகு ஒருவர் மாஞ்செஸ்டர் யுனைடெட், மற்றவர் செல்சி. கோப்பைக்குக் கிளப்புகள் மோதத் தொடங்கியதும் பேச்சு குறைந்தது. நாட்டு அணியில் கூடியபோதும் அந்த ஒட்டாத தன்மை போகவில்லை. பெர்டினாண்டே பிற்காலத்தில் இதை வெளிப்படையாகச் சொன்னார்.

ஹங்கேரியின் அதிசயம்

நாட்டு அணி என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1950-களில் ஹங்கேரி அணி உலகத்தையே நடுங்க வைத்தது. 1953 நவம்பர் 25-ந் தேதி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-க்கு 3 என்று தோற்கடித்தது. ஐரோப்பாக் கண்டத்து அணி எதுவும் அதற்கு முன் இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றது இல்லை.

அதன் ரகசியம் சாதாரணமானது. ஹான்வெட் என்று ஒரு கிளப். ராணுவத்தின் கிளப். நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் ராணுவத்தில் சேர்த்து அந்தக் கிளப்பில் ஆட விட்டார்கள். நாட்டு அணியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஹான்வெட் ஆட்கள். கிளப்புதான் நாடு, நாடுதான் கிளப். ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்து ஒரே இடத்தில் போடும் ஆட்சியை நாம் மெச்சவில்லை. ஆனால் தினமும் சேர்ந்து ஆடினால் என்ன ஆகும் என்பதை அது காட்டிவிட்டது.

1950 முதல் 1954 வரை ஹங்கேரி தோற்கவே இல்லை. தோற்றது 1954 உலகக் கோப்பை இறுதியில். வென்றது மேற்கு ஜெர்மனி. அந்த ஜெர்மன் அணியில் 5 பேர் கைசர்ஸ்லாட்டன் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

ஹங்கேரித் தலைவர் புஷ்காஷ், தம் நாட்டுக்காக 85 பந்தயத்தில் 84 கோல் போட்டவர். 1956-ல் ஹங்கேரியில் கிளர்ச்சி வெடித்தது. வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்த புஷ்காஷ் திரும்பவில்லை. ரியல் மாட்ரிட் கிளப்பில் சேர்ந்தார். 1960-ல் ஐரோப்பிய கிளப் கோப்பை இறுதியில் தனி ஆளாக 4 கோல் போட்டார். பிறகு ஸ்பெயின் குடிமகன் ஆகி, ஸ்பெயின் நாட்டு அணிக்கு 4 பந்தயம் ஆடினார். அதில் 3 பந்தயம் 1962 உலகக் கோப்பையில். போட்ட கோல்? ஒன்றுகூட இல்லை. வயது 35 ஆகிவிட்டது என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களிலும் மாட்ரிட் கிளப்புக்கு அவர் கோல் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்பெயினும் பின்னாளில் பாடம் கற்றது. 2010 உலகக் கோப்பை இறுதியில் இறங்கிய 11 பேரில் 6 பேர் பார்சிலோனா கிளப்பில் சேர்ந்து ஆடியவர்கள். அடுத்த ஆண்டு பார்சிலோனாவுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் பந்தயத்துக்குப் பந்தயம் சண்டை. நாட்டு அணி உடைந்துவிடுமோ என்ற நிலை. மாட்ரிட் கிளப்பின் கசியாஸ், டெலிபோனை எடுத்து பார்சிலோனாவின் சாவியோடு பேசினார். சமாதானம் ஆயிற்று. கசியாசைச் சொந்தக் கிளப்பில் சிலர் ஏசினார்கள். 2012-ல் ஸ்பெயின் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை வென்றது. இங்கிலாந்தில் அப்படி ஒரு டெலிபோன் மணி அடிக்கவில்லை.

ஒரே கிளப் ஆட்களும் இல்லை, நட்சத்திரமும் இல்லை என்றால்? கிரீஸ் இருக்கிறது. ரேஹாகல் என்ற ஜெர்மானியரை 2001-ல் பயிற்சியாளராக வைத்தார்கள். தொடக்கத்தில் பெரிய தோல்விகள் வந்தும் அவரை மாற்றவில்லை. அதுவரை பெரிய கோப்பைப் போட்டி எதிலும் ஒரு பந்தயம்கூட வெல்லாத கிரீஸ், 2004-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இறுதியில் தோற்றது போர்ச்சுகல், அதுவும் சொந்த மண்ணில்.

8 பயிற்சியாளர்கள்!

இனி மறுபடியும் மெஸ்ஸிக்கு வருவோம். 2005-ல் அவர் நாட்டு அணிக்கு வந்தார். 2018 உலகக் கோப்பை முடிவதற்குள் எத்தனை பயிற்சியாளரைப் பார்த்தார் தெரியுமா? 8 பேர்! ஒருவர் ஓடு என்பார்; அடுத்தவர் நில் என்பார். 10 நாள், 10 நாளாகச் சேர்த்து வைத்த பழக்கமும் ஆள் மாறும்போது பாழாய்ப் போகும். குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியது கால்பந்துச் சங்கத்தை. நின்றதோ ஆட்டக்காரர்.

அழுதுகொண்டே விலகிய மெஸ்ஸி, அதே 2016 ஆகஸ்டில் மனம் மாறித் திரும்பி வந்தார். 2018-ல் ஸ்கலோனி என்பவர் தற்காலிகமாகப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் எந்தக் கிளப்புக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தது இல்லை. பலர் சிரித்தார்கள். இந்தத் தடவை சங்கம் பொறுமை காட்டியது. ஸ்கலோனி பெயரைப் பார்த்து ஆள் எடுக்கவில்லை. மெஸ்ஸிக்காக ஓடக்கூடியவர்கள், எதிரியிடமிருந்து பந்தைப் பறித்துக் கொடுப்பவர்கள் என்று பார்த்து எடுத்தார். அவர்களையே மறுபடி மறுபடி ஆட விட்டார்.

2021 ஜூலை 10-ந் தேதி, பிரேசிலின் மரகானா மைதானத்தில் பிரேசிலையே வென்று, கோப்பா அமெரிக்கா கோப்பையை அர்ஜென்டினா எடுத்தது. மெஸ்ஸி வயது 34. தொடர்ந்து 36 பந்தயம் தோற்காமல் கத்தார் நாட்டு உலகக் கோப்பைக்கு வந்தார்கள். அங்கே ஏற்பாடு எப்படி? 2022 நவம்பர் 13 வரை ஐரோப்பாவில் கிளப் பந்தயம். 20-ந் தேதி உலகக் கோப்பை ஆரம்பம். ஒரு வாரம்தான்! முதல் பந்தயத்திலேயே சவுதி அரேபியாவிடம் தோல்வி. பழைய அர்ஜென்டினாவாக இருந்தால் அன்றே பயிற்சியாளரைத் துரத்துங்கள் என்று கிளம்பியிருப்பார்கள். டிசம்பர் 18-ந் தேதி பிரான்சை வென்று கோப்பையைத் தூக்கினார் மெஸ்ஸி. அந்தப் போட்டியில் 7 கோல் அவருடையது.

நட்சத்திரம் சரியாக ஆடவில்லை என்றால் ரசிகர்கள் கூச்சல் போடட்டும். டிக்கெட் வாங்கியவர்களின் உரிமை அது. கூச்சல் போடுவதற்கு முன் தங்கள் கால்பந்துச் சங்கத்தை இரண்டு கேள்வி கேட்கட்டும். "இந்தப் பையன்கள் எத்தனை நாள் சேர்ந்து பழகினார்கள்? இந்தப் பயிற்சியாளர் எத்தனை மாதமாக இருக்கிறார்?"

கிளப் முதலாளிகளின் பக்கமும் நியாயம் உண்டு. சம்பளம் கொடுப்பது அவர்கள். நாட்டுக்கு ஆடும்போது கால் ஒடிந்தால், மாதக்கணக்கில் நஷ்டப்படுவதும் அவர்கள். 2010 முதல் உலகக் கோப்பைக்கு ஆட்களை அனுப்பும் கிளப்புகளுக்கு உலகக் கால்பந்துச் சங்கம் ஈட்டுப் பணம் தருகிறது. பணம் வாங்கியவர்கள் நாளையும் கொடுக்கவேண்டும். உலகக் கோப்பை என்றால் அதற்கு முன் முழுதாக மூன்று வாரம், ஓய்வும் பயிற்சியுமாக, ஆட்டக்காரர்களை நாட்டுக்கு விட்டுவிட வேண்டும். பயிற்சியாளரை ஓர் உலகக் கோப்பையிலிருந்து அடுத்தது வரை 4 ஆண்டு மாற்றக்கூடாது என்று சங்கங்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.